இரண்டு முனையும் தெரியும்வரை



மனித உடலுக்குள் ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடும் இடங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். நரம்பைத் தசைநாண் என்று நினைப்பது, ஒரு பித்தநாளத்தை அதன் பக்கத்து நாளம் என்று நினைப்பது, சிறுநீர் இறங்கும் குழாயை இரத்தக் குழாய் என்று நினைப்பது. முதலாண்டு மாணவருக்கு இந்தத் தவறு அரை மதிப்பெண். அறுவை அரங்கில் அதே தவறு நடந்தால், மேசைமேல் படுத்திருப்பவர் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்காக ஸ்பாட்டர் தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. டிசெக்‌ஷன் ஹாலில் நீண்ட மேசைகள். ஃபார்மலினில் பதப்படுத்திய உறுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் ஒரு குண்டூசியோ நூல் முடிச்சோ குறியாக வைத்திருப்பார்கள். மணி அடித்ததும் மாணவர் ஓர் எண்ணின் முன்னால் நிற்க வேண்டும். அடுத்த மணிக்குள் பெயரை எழுதிவிட்டு நகர வேண்டும். தொட்டுப் பார்க்க அனுமதி இல்லை. பல தலைமுறை மருத்துவர்கள் இந்த மணிக்குப் பயந்தே உடற்கூறியல் படித்தோம். வேகமாகப் பெயர் சொல்லும் திறமையை அது வளர்த்தது உண்மை. ஆனால் அந்தக் குண்டூசிக்கு மேலே அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, கீழே எங்கே போகிறது என்று விரலால் தேடிப் பார்க்கும் பழக்கத்தை அது வளர்க்கவில்லை. உடலுக்குள் இருக்கும் எதையும் தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயரிட முடியாது. அதன் தொடக்கமும் முடிவும் அது கடக்கும் வழியும்தான் அதன் பெயரை உறுதி செய்கின்றன என்பது என் வாதம். இதற்கு உடலின் நான்கைந்து இடங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

இவை ஏன் ஒன்றுபோல் தோன்றுகின்றன? பாடநூல் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், பித்தநாளம் பச்சை. உடலைத் திறந்தால் இந்த வண்ணங்கள் இல்லை. கொழுப்பும் மெல்லிய நார்ச்சவ்வும் போர்த்திய வெளிறிய குழாய்கள்தான் கண்ணில் படும். குழாய்களை உடல் ஏறத்தாழ ஒரே முறையில்தான் கட்டுகிறது: உள்ளே வழவழப்பான ஓர் உட்படலம், அதன்மேல் தசையும் மீள்நாரும், வெளியே நார்ப்போர்வை. தடிமனும் விகிதமும் மாறும், அவ்வளவுதான். உயிருள்ள உடலில் தமனி துடிக்குமே என்று கேட்கலாம். துடிக்கும். அதன்மேல் படிந்திருக்கும் சிரையும் நாளமும்கூட அந்தத் துடிப்பில் சேர்ந்து அசையும். இழுத்துப் பிடித்த தமனியோ துடிக்காமலே கிடக்கும்.

தமனியையும் சிரையையும் பிரித்தறிவதே ஒரு காலத்தில் பெரிய காரியமாக இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அலெக்சாண்டிரியாவில் ஹெரோபிலஸ், தமனியின் சுவர் சிரையின் சுவரைவிட ஆறு மடங்கு தடிமன் என்று சொன்னதாகப் பின்னால் வந்த மருத்துவர் காலன் எழுதுகிறார். அதே காலத்தவரான எராசிஸ்டிரேட்டஸ், தமனிக்குள் ஓடுவது காற்று என்றே நம்பினார். இறந்த உடலில் சிரைகளில் இரத்தம் உறைந்து கிடக்கும், தமனிகள் காலியாக வாய் திறந்து நிற்கும். கண்ணில் பட்டதைத்தான் அவர் சொன்னார். காலன் உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவே திறந்து, உள்ளே இரத்தம் இருப்பதைக் காட்டினார்.

நுரையீரல் தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓடுவது உயிர்வளி குறைந்த கருஞ்சிவப்பு இரத்தம். ஓடும் இரத்தத்தின் நிறத்தை வைத்துப் பெயரிட்டால் அது சிரை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகிறது என்பதால் அது தமனி. கருவில் கொப்பூழ்ச் சிரை இதற்கு மறுதலை: தூய இரத்தத்தைச் சுமந்தாலும், இதயத்தை நோக்கி வருவதால் அது சிரை. எங்கிருந்து எங்கே என்ற கேள்வியைத்தான் மருத்துவம் கடைசியில் அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

இப்போது எல்லாரும் வலது கையை நீட்டுங்கள். கட்டைவிரல் நுனியும் சுண்டுவிரல் நுனியும் தொடட்டும். அப்படியே மணிக்கட்டை உள்நோக்கிச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் புடைத்து எழுகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். எழாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நூறு பேரில் ஏறத்தாழ பதினைந்து பேருக்கு அது இருக்காது என்று பாடநூல்கள் சொல்லும். மக்களினத்துக்கு மக்களினம் இந்த எண் வெகுவாக மாறும். சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. இல்லாததால் கையின் வலிமையில் குறிப்பிடத்தக்க குறைவும் வருவதில்லை. அதனாலேயே வேறிடத்தில் ஒட்டுப்போட நாண் தேவைப்படும்போது அறுவை மருத்துவர்கள் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

அந்த நாணுக்கு நேர் பின்னால் ஓடுவது மீடியன் நரம்பு. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்வு அதன் வழியாகத்தான் வருகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசையையும் அதுதான் இயக்குகிறது. பால்மாரிஸ் இல்லாத கையில் தோலைத் திறந்தால், நடுவில் முதலில் தென்படும் வெண்ணிற நார் எது? மீடியன் நரம்பு. நாண் என்று எண்ணி அந்த நரம்பையே உருவி எடுத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கண்ணாடி வெட்டிய மணிக்கட்டில், நரம்பின் முனையை நாணின் முனையோடு சேர்த்துத் தைத்துவிட்டதும் நடந்திருக்கிறது. சட்டைப் பொத்தானை மாட்டும்போது, விரல் பிடித்திருப்பது பொத்தானையா துணியையா என்று அந்த நோயாளிக்குத் தெரியாது.

அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நாண் முத்துவெண்மை, பளபளப்பு, ஒரே சீரான திரள். நரம்பு சற்றே மஞ்சள் கலந்த மங்கல் நிறம். மேற்பரப்பில் நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று நீளவாக்கில் ஓடும். உற்றுப் பார்த்தால் உள்ளே இழைக்கற்றைகள் தெரியும். ஆனால் இரத்தம் கசிந்த அறுவைப் பரப்பில், அவசரத்தில், ஒன்றுதான் கண்முன் இருக்கும்போது, இந்த நிற வேறுபாட்டை நான் நம்பமாட்டேன். இரண்டு முனையும்தான் துணை. மேலே தொடர்ந்தால் நாண் முன்கையின் நடுவில் தன் தசைத்திரளில் போய் முடியும். நரம்பு தசைகளுக்கு இடையே ஆழத்தில் இறங்கும். கீழே தொடர்ந்தால் நாண் மணிக்கட்டின் குறுக்குப் பட்டைக்கு மேலே போய் உள்ளங்கையின் நார்ப்படலத்தில் விரிந்து மறையும். நரம்பு அந்தப் பட்டைக்குக் கீழே கார்ப்பல் குகைக்குள் நுழையும். மணிக்கட்டில் ஒட்டி நிற்கும் இரண்டும் மேலும் கீழும் வேறு வேறு ஊருக்குப் போகின்றன. உணர்விழப்பு ஊசி போடுவதற்கு முன்பே நோயாளியை விரல் மடக்கச் சொல்லி, எழும் நாணைத் தோல்மேல் பேனாவால் வரைந்துகொள்வது இன்னும் நல்லது.

பித்தப்பைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அறுவை மருத்துவத்தில் மிகவும் ஆழமாக ஆராயப்பட்ட அடையாளத் தவறுகளில் ஒன்று இங்கேதான் நடக்கிறது.

கல்லீரலின் வலப்புற நாளமும் இடப்புற நாளமும் சேர்ந்து பொதுக் கல்லீரல் நாளம் ஆகின்றன. பித்தப்பையிலிருந்து வரும் மெல்லிய பித்தப்பை நாளம் பக்கவாட்டில் வந்து அதனோடு சேர்கிறது. சேர்ந்த இடத்துக்குக் கீழே அதன் பெயர் பொதுப் பித்தநாளம். அது முன்சிறுகுடலில் போய்த் திறக்கிறது. கல் நிறைந்த பித்தப்பையை எடுக்கும்போது பித்தப்பை நாளத்தை வெட்டியே ஆக வேண்டும். பொதுப் பித்தநாளத்தை வெட்டவே கூடாது. கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்குப் போக அது ஒன்றுதான் வழி.

பெர்லினில் கார்ல் லாங்கன்புக் 1882 ஜூலை 15 அன்று முதன்முதலாகப் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். அதற்குப் பின் நூறாண்டு காலம் வயிற்றைத் திறந்து, கையை விட்டு, விரலால் தடவிப் பார்த்துச் செய்த அறுவை அது. 1985இல் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹே சிறுதுளை வழியே செய்தார். 1987இல் பிரான்சின் லியோனில் பிலிப் மூரே வீடியோ கேமராவின் துணையோடு செய்தார். சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் லேப்ராஸ்கோப்பி என்ற இந்தச் சிறுதுளை முறை பரவியது. நோயாளிக்கு வலி குறைந்தது, ஓரிரு நாளில் வீடு திரும்பினார். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த பித்தநாளச் சேதம், தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தாக உயர்ந்தது.

திரையில் தெரிவது தட்டையான படம். விரலின் தொடு உணர்வு இல்லை. பித்தப்பையின் உச்சியைப் பிடித்து வலது தோளை நோக்கி மேலே தள்ளுவார்கள். அதன் கழுத்தையும் பக்கவாட்டில் இழுக்காமல் அதே திசையில் இழுத்தால், கோணமாகச் சேர வேண்டிய பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். அழற்சி இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது பொதுப் பித்தநாளம் பித்தப்பையிலிருந்தே புறப்படுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். மருத்துவர் அதைப் பித்தப்பை நாளம் என்று முடிவு செய்து, கிளிப் போட்டு வெட்டுகிறார். மேலே பிரித்துக்கொண்டு போகும்போது இன்னொரு குழாய் குறுக்கே வருகிறது. அது பொதுக் கல்லீரல் நாளம். ஆனால் முதல் குழாய்க்குப் பெயர் சூட்டியாகிவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்த இரண்டாவது குழாய், சிலருக்கு இருக்கும் உபரி நாளமாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் வெட்டப்படுகிறது. பல நேரங்களில் அதை ஒட்டியோடும் வலக் கல்லீரல் தமனியும் சேர்ந்து போகிறது.

இந்த இரண்டாவது முடிவுதான் என்னை எப்போதும் கலங்கவைப்பது. தவறு நடந்துவிட்டது என்று உடலே எடுத்துச் சொல்கிறது. பார்க்கும் மனம் அந்தச் சாட்சியையும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் வேயும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய 252 சேதங்களை மனிதத் தவறுகளின் அறிவியல் நோக்கில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். 97 விழுக்காட்டில் முதற்காரணம் பார்வை மயக்கம் என்றும், கைத்திறன் குறைபாடு காரணமானவை 3 விழுக்காடுதான் என்றும் கண்டார்கள். வெட்டியவர்கள் தாம் வெட்ட நினைத்ததைத்தான் துல்லியமாக வெட்டினார்கள். பெயர்தான் தவறு. இப்படிச் சேதமடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை முடியும்வரை அது தெரியவருவதில்லை. சில நாளில் வயிற்று வலி, காய்ச்சல், காமாலை என்று நோயாளி திரும்பி வருவார். பிறகு சிறுகுடலின் ஒரு துண்டைக் கல்லீரல் நாளத்தோடு இணைத்துத் தைக்கும் பெரிய அறுவை; அதன்பின் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு.

இதற்கு வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் ஒரு விதியை முன்வைத்தார். இது பித்தப்பை நாளம் என்று நேரடியாக அடையாளம் காட்டவே முயலாதீர்கள். கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் இடையிலுள்ள முக்கோணத்தின் கொழுப்பையும் நாரையும் முழுவதுமாக நீக்குங்கள். பித்தப்பையின் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரல் படுகையிலிருந்து பிரித்தெடுங்கள். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று முன்பக்கமும் பின்பக்கமும் காணுங்கள். அந்த இரண்டும் பித்தப்பை நாளமும் பித்தப்பைத் தமனியுமாகத்தான் இருக்க முடியும். அதுவரை எதிலும் கிளிப் போடக் கூடாது. இந்த விதி தோற்றத்தைக் கேட்பதே இல்லை. குழாயின் ஒரு முனை எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் காணச் சொல்கிறது.

அந்த முக்கோணத்திலும் மாணவர்கள் தடுமாறுவதுண்டு. ஜான் ஃபிரான்சுவா கேலோ 1891இல் விவரித்த முக்கோணத்தின் மேல் எல்லை பித்தப்பைத் தமனி. இன்று அறுவை அரங்கில் கேலோ முக்கோணம் என்று பெரும்பாலும் குறிக்கப்படுவதோ கல்லீரலின் அடிவிளிம்பை மேல் எல்லையாகக் கொண்ட பெரிய முக்கோணம். பெயரில் நான் சண்டை போட மாட்டேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். சிலருக்கு வலக் கல்லீரல் தமனி வளைந்து பித்தப்பையை ஒட்டியே வந்துவிட்டுத் திரும்பும். அந்த வளைவைப் பித்தப்பைத் தமனி என்று எண்ணிக் கட்டினால் கல்லீரலின் பாதிக்குப் போகும் தமனி இரத்தம் நின்றுபோகும். பித்தப்பைத் தமனிக்கு இது சற்றுப் பருமனாக இருக்கிறதே என்று தோன்றினால், அது பித்தப்பைச் சுவரில் போய் முடிகிறதா, அல்லது தொட்டுவிட்டுத் திரும்புகிறதா என்று கடைசிவரை பின்தொடர வேண்டும்.

அர்ஜென்டினாவின் பாப்லோ மிரிசி 1930களில் பரப்பிய முறை ஒன்று உண்டு. நாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். கண் தொடர முடியாத இடத்தில் சாயம் தொடர்ந்து போய் வழியைக் காட்டுகிறது. அப்படியும் தெளியாவிட்டால் பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவதும், வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுப்பதும் முறையான மருத்துவமே. "எது எதுவென்று தெரியவில்லை" என்று அறுவை மேசையில் உரக்கச் சொல்லும் துணிவை இளம் மருத்துவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டும். சொன்னவரை மூத்தவர்கள் பாராட்ட வேண்டும்.

இடுப்புக்குழிக்கு இறங்குவோம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரீட்டர் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமன். கருப்பையின் கழுத்துக்குப் பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கருப்பைத் தமனிக்கு அடியில் அது குறுக்கிடுகிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்று உலகமெங்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்த இடத்தைத்தான். கருப்பை நீக்க அறுவையில் அந்தத் தமனியைக் கட்டியாக வேண்டும். இரத்தம் பெருகும் நேரத்தில் கண்மூடித்தனமாகப் போடும் ஓர் இடுக்கி, பாலத்தோடு தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும்.

யூரீட்டரை முனைமழுங்கிய கருவியால் மெல்லத் தொட்டால், அதன் சுவரில் ஒரு சுருக்க அலை நெளிந்து ஓடும். இரத்தக் குழாய் அப்படி நெளியாது. அருமையான அடையாளம்தான். அதைவிட நம்பத்தக்கது, பிரச்சினை வரும் இடத்தில் யூரீட்டரைத் தேடாமல், அது ஐயமின்றித் தெரியும் இடத்தில் தேடிப் பிடிப்பது. இடுப்பெலும்பின் விளிம்பில், பெரிய இலியாக் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்னால் அது தாண்டி இறங்கும். அங்கே அதைக் கண்டுகொண்டு, கீழே கருப்பைத் தமனிவரை கண்ணால் வழிநடத்திக்கொண்டு வர வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை ஒருவர், யூரீட்டரைக் காட்டாமல் கருப்பைத் தமனியில் கைவைக்க உதவியாளரை விடமாட்டார். காட்டினாலும், "இதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார். மேலே எந்த இடத்திலிருந்து தொடர்ந்து வந்தோம் என்று சொன்னால்தான் அடுத்த அடி.

கழுத்தில் கதை வேறு மாதிரி. தைராய்டுக்குப் பின்னால் பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவு, 30 முதல் 50 மில்லிகிராம் எடை. நிறம் கொழுப்புக்கும் கடுகுக்கும் நடுவில். கொழுப்புத் துணுக்கா, நிணக்கணுவா, தைராய்டின் சிறு முடிச்சா என்று பிரித்தறிவது கடினம். ஸ்வீடனின் உப்சாலாவில் இவார் சான்ட்ஸ்ட்ரோம் 1880இல் மனிதரில் இவற்றை விவரித்து வெளியிட்டார். அதற்கு முன்பு எத்தனையோ பேர் கழுத்தை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள்; கொழுப்பு என்றே கடந்து போனார்கள்.

தைராய்டை முழுவதும் எடுத்தவர்களுக்கு அந்நாளில் இரண்டு விதமான துன்பங்கள் வந்தன. பெர்ன் நகரின் தியோடர் கோக்கரின் நோயாளிகள் உடல் ஊதி, மந்தமாகிப் போனார்கள். வியன்னாவின் பில்ரோத்தின் நோயாளிகளுக்குக் கைகால் இழுத்துக்கொள்ளும் இசிவு வந்தது. இரு அரங்குகளையும் நேரில் பார்த்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இதற்குச் சொன்ன விளக்கம், அவர்கள் கை வேலை செய்த விதத்தில் இருக்கிறது. கோக்கர் இரத்தமின்றி, பொறுமையாக, தைராய்டின் உறையை ஒட்டியே பிரித்து, சுரப்பியை மிச்சமின்றி எடுத்தார், சுற்றியிருந்தவை பிழைத்தன. பில்ரோத் வேகமானவர், தைராய்டில் கொஞ்சம் மிஞ்சியது, பாராதைராய்டுகள் போயின. அப்படி ஒரு சுரப்பி இருப்பதே தெரியாமல் கோக்கரின் கைகள் அதைக் காப்பாற்றியிருக்கின்றன.

கருவளர்ச்சியைத் தெரிந்துகொண்டால் இந்தச் சுரப்பிகளின் இருப்பிடம் கொஞ்சம் பிடிபடும். கீழ்ப் பாராதைராய்டு, மேல் பாராதைராய்டைவிட உயரத்தில் உருவாகி, தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து அதைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. நெடும்பயணம் என்பதால் வழிதவறவும் வாய்ப்பு அதிகம். சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவருக்குக் கழுத்தில் ஆறு அறுவை செய்தும் பாராதைராய்டுக் கட்டி கிடைக்கவில்லை. 1932இல் ஏழாவது முறை மார்புக்குள் தேடியபோது அங்கே இருந்தது. அது இறங்கி வந்த பாதையில்தான், கழுத்துக்குக் கீழே.

மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பாட்டர் தேர்வை எடுத்துவிடச் சொல்லவில்லை. வினாக்களில் சிலவற்றையாவது மாற்றுங்கள். ஒரே குழாயில் ஒரு குண்டூசிக்குப் பதில் இரண்டைக் குத்துங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாணவர் விரலால் தொடர்ந்து போகட்டும். பெயருக்குப் பாதி மதிப்பெண்ணும், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்பதற்கு மீதியும் கொடுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், வினாக்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

துறையில் ஒரு மாறுபாட்டுப் பதிவேடும் வையுங்கள். தங்கள் உடலை நம் மாணவர்களுக்காகக் கொடுத்துச் சென்றவர்கள் ஒவ்வொருவரும் பாடநூலிலிருந்து ஏதோ ஓரிடத்தில் விலகியிருக்கிறார்கள். பித்தப்பைத் தமனி எங்கிருந்து பிரிந்தது, யூரீட்டர் ஒரு பக்கத்தில் இரண்டாக இருந்ததா, வலப்புறக் குரல்வளை நரம்பு கீழே இறங்கித் திரும்பாமல் நேராகவே போய்விட்டதா என்று ஒவ்வொரு மேசையின் மாணவர்களும் வரைந்து தேதியிட்டு எழுத வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளை எனக்களித்த மதிப்பூதியத்தை அந்தப் பதிவேட்டுக்கும், வரைவதற்கான தாளுக்கும் வண்ணப் பென்சிலுக்கும் உடற்கூறியல் துறையிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.